விட்டதைப் பிடித்தல்

(வாலாஜாபேட்டையில் வாசகர் கூட்டம் ஒன்றில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சூதாட்டத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், "அதான் திருக்குறளில் பத்துக் குறள் இருக்கே சார், அதைச் சொன்னால் போதாதா?" என்றார் கூட்டத்தை ஏற்பாடு செய்த நண்பர். போதும்தான். வள்ளுவர் சூதை 94-ஆவது அதிகாரமாக வைத்தார். அதற்கு முன்னால் கள்ளுண்ணாமை, பின்னால் மருந்து. இடம் பார்த்துத்தான் வைத்திருக்கிறார். ஆனால் நான் முப்பது வருடம் கரும்பலகை முன்னால் நின்றவன். 'கூடாது' என்று சொன்னால் எல்லாப் பிள்ளைகளும் தலையாட்டுவார்கள். 'ஏன் கூடாது, போட்டுக் காட்டுங்க' என்று ஒருவன் கேட்பான். அவனுக்காகத்தான் இன்றைய பேச்சு. ஒரே ஒரு கணக்கு.

2024-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒருவன் வீட்டுக்கு வந்தான். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். காபியைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "சார், ஒரு கணக்கு" என்றான். கைப்பேசியில் போக்கர் ஆடியிருக்கிறான். சின்ன மேசை. நூறு, இருநூறு ரூபாயோடு உட்காரலாம்.

தெரியாதவர்களுக்கு இரண்டே வரியில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு இரண்டு சீட்டு, மூடி வைத்தபடி. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு விழும். முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு ஒன்று. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம். எதிராளி போட்டதை நீயும் போட வேண்டும். இல்லையென்றால் கையை மடித்துவிட்டு ஒதுங்க வேண்டும். முன்னால் இருக்கிற மொத்தத்தையும் ஒருவன் தள்ளிவிட்டால் அதற்குப் பெயர் ஆல்-இன்.

என் மாணவன் கையில் ஆட்டின் ஏஸ், ஆட்டின் 9. ஆட்டின் என்றால் இதயக் குறிச் சீட்டு. நடுவில் விரிந்தவை ஆட்டின் கிங், ஆட்டின் 6, கிளாவர் 2. நான்கு ஆட்டின் சேர்ந்துவிட்டது. இன்னும் ஒன்று விழுந்தால் ஐந்தும் ஒரே இனம், அதாவது ஃப்ளஷ். நடுவில் கிடந்த பணம் 120 ரூபாய். எதிராளி தன் முன்னால் இருந்த 180 ரூபாயையும் தள்ளிவிட்டான். திரையின் ஓரத்தில் நொடிகள் குறைகின்றன. மணி இரவு 1.40. இவன் 180 ரூபாய் போட்டுவிட்டான்.

"நான் போட்டது சரியா சார்?"

ஜெயித்தாயா, தோற்றாயா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் கணக்கு வாத்தியார் இல்லை. மழை வராது என்று நம்பி நெல்லைக் காயப்போட்டவன் செய்தது சரியா என்பதை, மழை வந்ததா என்று பார்த்துச் சொல்லக் கூடாது. காயப்போடும்போது வானம் எப்படி இருந்தது என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

முதல் கேள்வி விலை. இவன் போட வேண்டியது 180. போட்டால் நடுவில் சேர்வது 120, 180, 180, ஆக 480. 480-இல் 180 என்பது நூற்றுக்கு முப்பத்தேழரை. இப்படி நூறு முறை வந்தால் அதில் 38 முறையாவது ஜெயிக்கக்கூடிய கையாக இருந்தால்தான் இந்த விலை கட்டும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்த 120-இல் இவன் ஏற்கெனவே போட்ட பணமும் இருக்கிறது. ஆனால் 'நான் இவ்வளவு போட்டுவிட்டேனே' என்பதற்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. நடுவில் விழுந்த காசு யாருடையதும் இல்லை. 1654-இல் பிரான்சில் பாஸ்கலும் ஃபெர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்களில்தான் நிகழ்தகவுக் கணிதம் உருப்பெற்றது. அவர்கள் எடுத்துக்கொண்ட புதிரும் சூதாட்டப் புதிர்தான்: ஆட்டம் பாதியில் நின்றுவிட்டால் பந்தயப் பணத்தை எப்படிப் பிரிப்பது? அதுவரை யார் எப்படி ஆடினார்கள் என்பதை அவர்கள் பார்க்கவில்லை. இன்னும் என்னென்ன நடக்கலாம் என்பதை எண்ணினார்கள். கணக்கு முன்னால் மட்டும்தான் பார்க்கும். நாம்தான் திரும்பித் திரும்பிப் பார்க்கிறோம்.

இரண்டாவது கேள்வி வாய்ப்பு. ஆட்டின் மொத்தம் 13. நான்கு கண்ணில் பட்டுவிட்டது, மீதி 9. பார்க்காத சீட்டுகள் 47. இன்னும் இரண்டு சீட்டு விழ வேண்டும். இரண்டிலும் ஆட்டின் வராமல் போவதற்கு, 47-இல் 38, அதோடு 46-இல் 37 என்று பெருக்கினால் நூற்றுக்கு 65. ஆக, வருவது 35. நமக்குத் தேவை முப்பத்தேழரை. இதோடு முடிந்தது என்றால் மடிக்க வேண்டிய கை.

ஆனால் கையில் ஏஸ் இருக்கிறதே. எதிராளியிடம் ஒரு கிங் மட்டும் இருந்து, அவன் கிங் ஜோடியோடு தள்ளியிருந்தால், இவனுக்கு இன்னொரு ஏஸ் விழுந்தாலும் ஜெயம். அப்போது வாய்ப்பு 45 அளவுக்கு ஏறிவிடும். மாறாக, எதிராளியிடம் ஒரே எண்ணில் மூன்று சீட்டு சேர்ந்திருந்தால் 25-க்கு இறங்கிவிடும்.

அப்படியானால் மூன்றாவது கேள்வி: எதிராளி யார்?

இதற்கு விடை சொல்ல நம் தோல் மண்டிக்காரர்களைக் கூப்பிட வேண்டும். பேரணாம்பட்டிலும் ஆம்பூரிலும் உப்புப் போட்ட தோலைக் கட்டாக வாங்குகிறவர் ஒவ்வொரு தோலையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நாலு தோலைப் புரட்டுவார். கத்தி பட்ட இடம், உண்ணி கடித்த தழும்பு, உப்பு பிடிக்காமல் மயிர் உதிர்கிற மூலை எல்லாம் பார்ப்பார். கொண்டுவந்தவன் முகத்தையும் பார்ப்பார். விலையைச் சொல்லிவிடுவார். உண்மை தெரிவது டேனரியில் சுண்ணாம்பு போட்டு மயிர் களைந்த பிறகுதான். அப்படியொரு பெரியவர் சொன்னார்: "நான் தோலுக்கு விலை வைக்கிறதில்லை வாத்தியாரே, கொண்டுவர்றவனுக்குத்தான் வைக்கிறேன்."

சின்ன மேசைப் போக்கரிலும் அதே கதை. நூறு ரூபாய் மேசையில் பெரும்பாலோர் வெறுங்கையோடு மொத்தத்தையும் தள்ளுவதில்லை. தள்ளினால் கையில் ஏதோ இருக்கிறது என்றுதான் பொருள். நாலில் மூன்று முறை கிங் ஜோடி, ஒரு முறை மூன்று ஒரே எண் என்று வைத்துக்கொண்டால் இவன் வாய்ப்பு சராசரி 40, போடலாம். பாதிக்குப் பாதி என்றால் 35, மடிக்க வேண்டும். சீட்டு மாறவில்லை, பணம் மாறவில்லை. எதிராளியைப் பற்றிய நம் கணிப்பு மாறினால் விடையும் மாறிவிடுகிறது. மண்டிக்காரர் முகத்தைப் பார்க்கிறார். திரையில் முகமும் இல்லை. எதிரில் இருப்பது ஆள்தானா என்பதே சந்தேகம். 2017-இல் அமெரிக்காவில் லிப்ரட்டஸ் என்ற கணினி நிரல், தொழிலாகவே போக்கர் ஆடுகிற நான்கு பேரை 1,20,000 கைகளில் தோற்கடித்துவிட்டது.

"ரொம்ப நாளா அவனோட ஆடுறேன் சார். பெரும்பாலும் ஜோடியோடதான் தள்ளுவான்" என்றான். சரி, 40. தேவை முப்பத்தேழரை. போட்டது சரி என்று சொல்ல வாயெடுத்தேன். நான்காவது கேள்வி குறுக்கே வந்தது: மேசை யாருடையது?

ஆடவிடுகிற கம்பெனி ஒவ்வொரு பந்தயத்திலும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். நூற்றுக்கு ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். 480 என்பது 456 ஆகிவிடும். இப்போது தேவை முப்பத்தொன்பதரை. நம் கையில் 40. இரண்டரை ஆக இருந்த லாபம் அரையாகத் தேய்ந்துவிட்டது. எதிராளியைப் பற்றி ஓர் இம்மி தப்பாகக் கணித்திருந்தாலும் அதுவும் போச்சு. இதற்கு மேல் 2023 அக்டோபர் 1 முதல் உள்ளே போட்ட பணத்துக்கு 28 சதவீத ஜிஎஸ்டி இருந்தது. வரி சேர்த்து நூறு ரூபாய் கட்டினால் ஆடுவதற்கு நின்றது 78 ரூபாய் சொச்சம். அந்தக் குறையைப் போனஸ் என்று கொடுத்து மூடிய கம்பெனிகள் உண்டு. ஜெயித்த நிகரத் தொகையில் 30 சதவீதம் வருமான வரிப் பிடித்தம், அதே வருடம் ஏப்ரலிலிருந்து. திறமைசாலி எதிராளியை ஜெயித்தால் போதாது. மேசையையும் ஜெயிக்க வேண்டும்.

நம் பக்கத்தில் ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர் என்று போலீஸ் செய்தியில் அடிக்கடி அடிபடும் 'காட்டன் சூதாட்ட'த்தை இங்கே ஒப்பிட்டுப் பாருங்கள். நியூயார்க் பஞ்சுச் சந்தையின் விலை எண்களை வைத்துப் பம்பாயில் தொடங்கிய பந்தயம். பஞ்சு போய்விட்டது, நம் ஊரில் பெயர் மட்டும் நிற்கிறது. அதில் முடிவெடுக்க ஒன்றுமே இல்லை. எண்ணைக் கட்டினால் கட்டியதுதான். போக்கரில் ஒவ்வொரு கட்டத்திலும் மடிக்கலாம். அந்த ஒரு வித்தியாசத்தை வைத்துத்தான் நீதிமன்றங்களில் இத்தனை வருடம் வாதாடினார்கள்.

அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குதிரைப் பந்தயம் திறமை விளையாட்டு என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதே தமிழ்நாட்டு வழக்கில்தான். இணையத்தில் பணம் வைத்து ஆடுவதற்குத் தமிழக அரசு கொண்டுவந்த தடையை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022-இல் நீதியரசர் சந்துரு தலைமையில் குழு, அவசரச் சட்டம், பிறகு சட்டம். ஆளுநர் திருப்பி அனுப்ப, பேரவை மறுபடி நிறைவேற்ற, 2023 ஏப்ரலில் ஒப்புதல் வந்தது. அதே வருடம் நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று அவற்றை மட்டும் தடையிலிருந்து எடுத்துவிட்டது. என் மாணவன் ஆடியது அந்தத் தீர்ப்புக்குப் பிறகு.

திறமையா, அதிர்ஷ்டமா என்று எல்லோரும் கேட்டார்கள். மணி என்ன என்று யாரும் கேட்கவில்லை. 2025 பிப்ரவரியில் வந்த தமிழக விதிகள்தான் அதைக் கேட்டன: நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து ஆட யாரும் உள்ளே நுழையக் கூடாது. ஜூன் மாதம் உயர் நீதிமன்றமும் அதைச் சரி என்றது. பிறகு ஆகஸ்ட் 22-இல் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், திறமையானாலும் அதிர்ஷ்டமானாலும் இணையத்தில் பணம் வைத்து ஆட்டம் நடத்தவே கூடாது என்றது. தண்டனை நடத்துகிறவருக்கு; ஆடுகிறவருக்கு அல்ல. பெரிய கம்பெனிகள் பண ஆட்டத்தை நிறுத்தின. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. சட்டம் இருக்கட்டும். என் மாணவனின் கணக்குக்கு வருகிறேன்.

ஐந்தாவது கேள்வி பாக்கி இருந்தது. "அந்த 180 ரூபாய் எங்கிருந்து வந்தது?"

அவன் காபியைக் கீழே வைத்தான். "ஜெயிச்சேன் சார். கடைசிச் சீட்டு ஆட்டின் விழுந்துச்சு. அதுதான் சார் பிரச்சினையே."

அன்று 1.40-க்கு நானூற்றைம்பது ரூபாய்க்கு மேல் கையில் வந்திருக்கிறது. ஜெயித்த கையோடு பெரிய மேசைக்குப் போயிருக்கிறான். நாலு மணிக்கு மூவாயிரம் போய்விட்டது. விட்டதைப் பிடிக்க அடுத்த நாள். அதற்கடுத்த நாள். மூன்றாவது மாதம் தண்டல் கடன் வாங்கியிருக்கிறான். என்னிடம் கொண்டுவந்த கை, சரிவு தொடங்கிய அந்த இரவின் கை. கெட்டுப்போன இருபது கைகளை விட்டுவிட்டு, ஜெயித்த அந்த ஒன்றைத்தான் சரியா என்று கேட்க வந்திருந்தான். தூண்டிலில் மாட்டிய மீன் அந்தப் புழுவின் ருசியைப் பற்றி விசாரிக்கிற மாதிரி.

மேசையில் அவன் கணக்கு சரி. ஆனால் 40 என்பதும் 35 என்பதும் நூறு முறை, ஆயிரம் முறை ஆடுகிறவனுக்குத்தான் பேசும். நூறு முறைக்குப் பணம் இல்லாதவனுக்கு அது ஊமை. ஒரு சின்னக் கணக்கு: நூற்றுக்கு அறுபது முறை ஜெயிக்கிற அபூர்வ ஆட்டக்காரன், ஒவ்வொரு முறையும் கையில் இருக்கிற மொத்தத்தையும் வைத்தால், ஐந்து ஆட்டத்துக்குப் பிறகும் நிற்பதற்கு வாய்ப்பு எவ்வளவு? நூற்றுக்கு எட்டுகூட இல்லை. பத்து ஆட்டம் என்றால் ஒன்றுகூட இல்லை. 1956-இல் கெல்லி என்ற அமெரிக்க ஆய்வாளர் இதற்கு ஒரு சூத்திரம் கொடுத்தார். 60-க்கு 40 சாதகமான, ஒன்றுக்கு ஒன்று பந்தயத்தில் கையிருப்பில் ஐந்தில் ஒரு பங்கு வைக்கலாம். அதற்கு மேல் வைத்தால் பணம் வளர்கிற வேகமே குறையும். சாதகம் இல்லாத இடத்தில் அந்தச் சூத்திரம் சொல்கிற தொகை பூஜ்யம்.

சின்னப் பந்தயத்தின் பெரிய ஆபத்து ஒரு சொல்லில் இருக்கிறது. 'தானே.' நூற்றெண்பது ரூபாய்தானே. ஒரு பிரியாணி விலைதானே. ஆயிரம் ரூபாய் என்றால் மடிக்கிற கையை, 'தானே' போட்டு மடிக்காமல் விடுகிறோம். விலை சின்னதாக இருப்பதால் வாய்ப்பு பெரியதாகிவிடாது. பத்து 'தானே' சேர்ந்தால் ஒரு தண்டல்.

இந்த ஊரின் பெயரிலேயே இந்தக் கதை இருக்கிறது. வாலாஜா யார்? ஆற்காட்டு நவாப் முகம்மது அலி. 1751-இல் அவர் திருச்சியில் முற்றுகைக்குள் சிக்கியிருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் கிளைவ் ஐந்நூறு பேரோடு வந்து, பாலாற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆற்காட்டைப் பிடித்து, ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கினார். ஆட்டம் திரும்பியது. முகம்மது அலி ஜெயித்தார். ஜெயித்ததுதான் பிரச்சினை. ஜெயிக்கவைத்த படைக்குச் செலவுப் பணம் தர வேண்டும். கம்பெனி ஊழியர்களிடமே வட்டிக்கு வாங்கினார். பால் பென்ஃபீல்டு போன்றவர்கள் கொடுத்தார்கள். வட்டி கட்டக் கடன், அதற்கு அடமானம் ஊர்களின் வரி. அந்த வரியைக் கொடுத்தவர்கள் நம் குடியானவர்கள். 1785 பிப்ரவரியில் லண்டன் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க், ஆற்காட்டு நவாபின் கடன் என்பதையே தலைப்பாக்கி மணிக்கணக்கில் பேசினார். நவாப் 1795-இல் இறந்தார். 1801-இல் நவாபின் கர்நாடக ராஜ்யத்தைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. நாற்பது வருடம் ஒரு மனிதர் கையை மடிக்கவே இல்லை.

நம் வடஆற்காட்டுத் திரௌபதி அம்மன் கோயில் கூத்தில் சூது, துகில் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். துச்சாதனன் இழுக்கும்போது எல்லோரும் அழுகிறோம். எனக்கு அதைவிடப் பயம் தருவது அதற்குப் பிறகு வருவது. திருதராட்டிரன் வரம் கொடுத்து எல்லாம் திரும்பிவிடுகிறது. நாடு, தம்பியர், மனைவி எல்லாம். பாதி வழியில் மறுபடி ஆட அழைப்பு வருகிறது. தருமர் திரும்பிப் போகிறார். முதல் ஆட்டத்தில் தோற்றது சகுனியின் வேலை என்று சொல்லலாம். இரண்டாவது அழைப்புக்கு யார் பொறுப்பு?

அதே பாரதத்தில் நளன் கதையும் இருக்கிறது. சூதில் நாட்டை இழந்து தேரோட்டியாகிறான். இருதுபன்ன ராஜா ஒரு தான்றி மரத்தை ஒரு பார்வை பார்த்து அதன் காய்களின் எண்ணிக்கையைச் சொல்கிறான். நளன் தேரை நிறுத்திவிட்டு எண்ணிப் பார்க்கிறான், சரியாக இருக்கிறது. அந்த வித்தையைக் கற்றுக்கொண்டு ஊருக்குத் திரும்பி, ஆடி நாட்டை மீட்கிறான். பழங்காலத்தில் சூதாடியதே தான்றிக்காயை உருட்டித்தான். நம் தோல் பதனிடும் தொழிலுக்கு அது அந்நியமில்லை. கடுக்காயின் தங்கை, அதே துவர்ப்பு. உருட்டிய காய் ராஜ்யத்தை இழக்க வைத்தது. எண்ணிய காய் மீட்டுக் கொடுத்தது. மீட்டபின் நளன் மறுபடி ஆட உட்கார்ந்ததாகக் கதையில் இல்லை.

அன்று என் மாணவனுக்கு ஒரு காகிதத்தில் ஐந்து கேள்விகளையும் எழுதிக் கொடுத்தேன். விலை என்ன, வாய்ப்பு என்ன, எதிரில் யார், மேசை யாருடையது, பணம் எங்கிருந்து வந்தது. "கடைசியிலிருந்து மேலே படி. கடைசிக் கேள்விக்குத் தண்டல் என்று பதில் வந்தால் மற்ற நாலையும் படிக்காதே" என்றேன். இரவில் மனசு கட்டுப்படவில்லை என்றால் வெட்கப்படாமல் 14416-க்குப் பேசு, மனநல உதவிக்கான அரசு எண், காசு கிடையாது என்றும் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன். குறித்துக்கொள்ளுங்கள்.

நம் மொழியில் ஒரு விசித்திரம். சூதில் காசு போனால், 'ஐயாயிரம் விட்டான்' என்கிறோம். குடியை நிறுத்தினாலும், 'விட்டான்' என்கிறோம். இழந்ததற்கும் ஒரே சொல், துறந்ததற்கும் ஒரே சொல். 'விட்டதைப் பிடிக்கிறேன்' என்று கிளம்புகிறவனுக்கு முதல் பொருள் மட்டும்தான் தெரியும்.

போன மாதம் வாலாஜா ரோடு ஸ்டேஷனில் அவனைப் பார்த்தேன். தண்டல் எல்லாம் அடைத்துவிட்டதாகச் சொன்னான். ஆட்டம் என்னாச்சு என்றேன்.

"விட்டுட்டேன் சார்."

"பணத்தையா, ஆட்டத்தையா?"

கொஞ்சம் யோசித்தான். "ரெண்டையும்தான் சார்" என்றான். அவன் என்னிடம் போட்ட கணக்குகளில் முழு மதிப்பெண் போட்டது அதற்குத்தான்.